கரண்ட் பில்லு, கேஸு, சோலாரு: எதுக்கு முதல்ல அலையறது? எங்க வீட்டு மூணு கணக்கு

போன மாசம் அக்கா போன் பண்ணுச்சு. "தம்பி, சோலார் போட்டா சென்ட்ரல் கவர்மென்ட்டு 78,000 ரூபா குடுக்குதாம், அப்புறம் கரண்டே ஃப்ரீயாம், எனக்கும் எழுதிப் போடுடா"ன்னு. அக்கா இருக்கறது கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல வாடகை வீடு, மாடில ஒரு போர்ஷன். அக்கா, மொட்டை மாடி யாருதுக்கா, வீட்டுக்காரருது தான, அதுல போய் நீ எப்படி பேனல் போடுவன்னு கேட்டேன், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

அதுக்கப்புறம் நெல்லிக்குப்பத்துலேர்ந்து அண்ணனும் அதையே கேட்டாரு, பாண்டி பக்கம் பாகூர்லேர்ந்து சித்தியும் அதையே கேட்டாங்க. மூணு பேருக்கும் வருமானம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், இழுத்துப் பிடிச்சு ஓட்டற குடும்பங்க. ஆனா கணக்கு போட்டுப் பாத்தா மூணு பேருக்கும் மூணு பதில் வருது. எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சா இன்னும் நாலு பேருக்கு உதவும்னு எழுதறேன். நான் ஈபி ஆளும் இல்ல, எந்த கட்சியும் இல்ல, பிரவுசிங் சென்டர்ல உக்காந்து ஊருக்கே அப்ளிகேஷன் போட்டுக் குடுக்கறவன், அவ்ளோதான்.

முதல்ல கடலூர் பக்கத்து விஷயம். நம்ம தமிழ்நாட்டுல வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ஃப்ரீ, 2016 மே மாசம் ஜெயலலிதா திரும்ப முதலமைச்சரா வந்த அன்னிக்கு போட்ட கையெழுத்து. இதுக்கு அப்ளிகேஷன் கிடையாது, ரேஷன் கார்டு கலர் பாக்கறது கிடையாது, மீட்டர் இருந்தா போதும் தானா கழிஞ்சுரும். இதையே நிறைய பேர் உதவின்னு நெனைக்கறது இல்ல, பழகிப் போச்சு. ஆனா 100க்கு மேல போகப் போக என்னாகுதுன்னு தெரிஞ்சாதான் மத்ததெல்லாம் புரியும். 2024 ஜூலைல வந்த ஸ்லாப் ரேட்டுப்படி (யூனிட் ஏற ஏற ரேட்டும் படிப்படியா ஏறும்), மானியம் போக, 101லேர்ந்து 200 வரைக்கும் யூனிட்டுக்கு 2.35, 201லேர்ந்து 400 வரைக்கும் 4.70, 401லேர்ந்து 500 வரைக்கும் 6.30. அப்ப 200 யூனிட் ஓடினா பில்லு வெறும் 235 ரூபா. 300னா 705. 500னா 1805.

இப்ப இங்கதான் ஒரு பள்ளம் இருக்கு. 500ஐ தாண்டி ஒரே ஒரு யூனிட் போனாலும் அந்த 2.35 ரேட்டு மொத்தமா போயிரும், 101லேர்ந்தே 4.70 போடுவாங்க, 500க்கு மேல போறது 8.40. 500 யூனிட்டுக்கு 1805 கட்டினவங்க 501க்கு 2048 கட்டணும். ஒரு யூனிட்டுக்கு 243 ரூபா! வெயில் காலத்துல ரீடிங் எடுக்க வர்றவர் நாலு நாள் லேட்டா வந்தா என்ன ஆகும்னு நீங்களே பாத்துக்கங்க. அதனால வீட்டுல இருக்கற, ரீடிங் எழுதற ஈபி வெள்ளை கார்டுல போன தடவை எடுத்த தேதியப் பாத்து, 50 நாள் ஆனதும் நாமளே மீட்டர ஒரு தடவை பாத்துடறது நல்லது. மீட்டர் பாக்க காசு கேக்க மாட்டாங்க.

அக்கா கதைக்கு வர்றேன். அக்காவுக்கு தனி மீட்டர் இல்ல, வீட்டுக்காரர் இணைப்புலேர்ந்தே பிரிச்சு மாட்டின சப் மீட்டர்தான், வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 8 ரூபா வாங்கறாரு. ரெண்டு மாசத்துக்கு 180 யூனிட் வருது, 1440 ரூபா. ஒரு ஃபிரிட்ஜு, ரெண்டு ஃபேன், டிவி, மிக்ஸி. இதே 180 யூனிட் தனி மீட்டர்ல ஓடியிருந்தா எவ்ளோ தெரியுமா, 80 யூனிட்டுக்கு 2.35 போட்டு 188 ரூபா. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை 1252 ரூபா அக்கா கையிலேர்ந்து போகுது, வருஷத்துக்கு ஏழாயிரத்து ஐநூறு. கரண்டு, கேஸுக்கு இருக்கற எந்த திட்டமும் அக்காவுக்கு இவ்ளோ குடுக்காது. அக்கா சோலாருக்கு அலையுது, பணம் படிக்கட்டுக்கு கீழ இருக்கற மீட்டர் பெட்டில போயிட்டிருக்கு.

வீட்டுக்காரர திட்டலாம்னு போனா அவரும் பாவம்தான், உக்கார வெச்சு பேசினாரு. "தம்பி எனக்கு மொத்தம் 550 யூனிட் வருதுப்பா, 8.40 ரேட்டு போடறான், நான் எங்க போறது"ன்னாரு. உண்மைதான், 550 யூனிட்டுக்கு பில்லு 2460 வருது. அக்காகிட்ட 1440 வாங்கினா அவர் கையிலேர்ந்து போறது 1020. சரிங்க, அக்கா போர்ஷனுக்கு தனி வாசல் தனி சமையக்கட்டு இருக்கு, தனி இணைப்பு போட்டுட்டா உங்க மீட்டர்ல 370 யூனிட்தான் நிக்கும், பில்லு 1034 வரும், உங்களுக்கு 14 ரூபாதான் வித்தியாசம், அக்காவுக்கு 188, ரெண்டும் சேத்து 1222, இப்ப கட்டறதுல பாதின்னு பேப்பர்ல எழுதிக் காமிச்சேன். மனுஷன் ரெண்டு தடவை கால்குலேட்டர்ல தட்டிப் பாத்தாரு. அந்த மீதி 1238 ரூபாயும் யாருக்கும் உபயோகம் இல்லாம, ரெண்டு குடும்பம் ஒரே மீட்டர்ல இருந்த ஒரே காரணத்துக்காக போயிட்டிருந்தது. புது இணைப்புக்கு வர்ற செலவுல பாதி அக்கா தர்றதா பேசி முடிச்சோம்.

ஒண்ணு சொல்லிடறேன், இது வாடகைக்கு விட்ட தனி போர்ஷனுக்குத்தான். ஒரே குடும்பம் ஒரே சமையக்கட்ட வெச்சுகிட்டு 100 யூனிட் ரெண்டு தடவை வாங்கலாம்னு ரெண்டு மீட்டர் போட்டா ஈபில கண்டுபிடிச்சு ஒண்ணா சேத்துருவாங்க. எங்க அண்ணன் இந்த ஐடியாவோடதான் முதல்ல வந்தாரு. வேணாம்ணேன்னு சொல்லிட்டேன். அப்புறம் 2022 கடைசில ஈபி இணைப்போட ஆதார் இணைக்கச் சொன்னப்ப வாடகைக்கு இருக்கறவங்க பயந்து ஓடினாங்க இல்லையா, அதுல ஓனர், வாடகைதாரர்னு தனித்தனியாவே ஆப்ஷன் இருந்துச்சு, யாருக்கும் 100 யூனிட் போகல.

குடிசைக்கு ஒரு விளக்கு இணைப்பு இருக்கறவங்களுக்கு ஏற்கனவே ஃப்ரீ, அவங்க இதையெல்லாம் படிக்க வேண்டியதே இல்ல. கைத்தறி போடறவங்களுக்கு 2023லேர்ந்து ரெண்டு மாசத்துக்கு 300 யூனிட் ஃப்ரீ, முன்னாடி 200 இருந்துச்சு. தறி வெச்சுகிட்டு சாதாரண வீட்டு இணைப்புல ஓட்டறவங்க இன்னும் இருக்காங்க, கேட்டு மாத்திக்கங்க.

சரி, கேஸ். இதுதான் ஏழை வீட்டுக்கு கரண்ட் பில்ல விட பெரிய செலவு, ஆனா யாரும் எனர்ஜி பில்லுன்னு சொன்னா கேஸ நெனைக்கறதே இல்ல. 2025 ஏப்ரல்ல 50 ரூபா ஏத்தினதுக்கப்புறம் சென்னை விலை 868.50 ஆச்சு, அதுக்கு மேல தூக்கிட்டு வர்ற பையனுக்கு படி ஏற காசு தனி, அதுக்கு ரசீதும் கிடையாது ஸ்லாபும் கிடையாது. சென்ட்ரல் கவர்மென்ட்டு ஏழை வீட்டுப் பொம்பளைங்களுக்கு குடுக்கற உஜ்வாலா இணைப்பு இருந்தா சிலிண்டருக்கு 300 ரூபா பேங்க்ல திரும்ப வரும். 2016 மே 1ல ஆரம்பிச்ச திட்டம், 2022ல முதல்ல 200 ரூபா மானியம் குடுத்தாங்க, 2023 அக்டோபர்ல 300 ஆக்கினாங்க. வருஷத்துக்கு 12 சிலிண்டருக்கு இருந்தத 2025-26ல 9 ஆ குறைச்சிட்டாங்க. எங்க வீடுகள்ல வருஷத்துக்கு ஆறு, ஏழுதான் ஆகும், அதனால அந்த குறைப்பு நம்மள பெருசா கடிக்கல. ஆறு சிலிண்டருக்கு 1800 ரூபா.

யாருக்கு கிடைக்கும்னா, ஏழை குடும்பத்துல 18 வயசு முடிஞ்ச பொம்பள பேருல, அந்த வீட்டுல யார் பேர்லயும் ஏற்கனவே கேஸ் இணைப்பு இருக்கக் கூடாது. இதுலதான் பாதி பேர் அடிபடறாங்க. மாமியார் பேர்ல பழைய இணைப்பு இருக்கும், ரேஷன் கார்டு ஒண்ணா இருக்கும், மருமக பேர்ல போட்டா ரிஜெக்ட் ஆயிரும். நிஜமாவே தனிக்குடித்தனம் போயிருந்தா முதல்ல ரேஷன் கார்ட பிரிச்சு தனியா வாங்கிட்டு அப்புறம் போடணும், வரிசை மாத்தினா வேலை நடக்காது. இன்னொன்னு, 300 ரூபா வரலன்னு என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேருக்கு பணம் வந்துதான் இருக்கும், ஆனா ஆதார் எந்த பேங்க் அக்கவுண்டோட கடைசியா இணைஞ்சிருக்கோ அதுல போய் விழுந்திருக்கும். ஒரு பாட்டிக்கு நாலு சிலிண்டர் காசு 100 நாள் வேலைக்குன்னு தொறந்து மறந்தே போன பாஸ்புக்ல கிடந்துச்சு. பாட்டி சிரிச்ச சிரிப்பு இருக்கே.

அக்காவுக்கு உஜ்வாலா கிடையாது, கல்யாணம் ஆனப்பவே மாமா பேர்ல இணைப்பு வாங்கியாச்சு. அதனால அக்கா அடுத்து கேட்டது, "அப்ப இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி அதுலயே ஆக்கினா?" நல்ல கேள்வி, இதுக்கு நான் ஒரு ராத்திரி ஃபுல்லா கணக்கு போட்டேன். 14.2 கிலோ சிலிண்டர்ல ஆக்கற சமையல இண்டக்‌ஷன்ல ஆக்கினா சுமாரா 120 யூனிட் ஆகும், கேஸ் அடுப்புல பாதிக்கு பக்கமா சூடு பக்கவாட்டுல போயிரும், இண்டக்‌ஷன்ல அவ்ளோ போகாது, அதையெல்லாம் கழிச்சுதான் இந்த 120. அக்காவுக்கு ஒரு சிலிண்டர் ரெண்டு மாசம் வருது. தனி மீட்டர் வந்தப்புறம் 180ஓட 120 சேந்தா 300 யூனிட், பில்லு 188லேர்ந்து 705 ஆகும், 517 ரூபா கூட. அந்த 2025 விலைப்படி சிலிண்டரு 868. அக்காவுக்கு 350 ரூபா லாபம். ஆனா உஜ்வாலா இருக்கற வீட்டுக்கு சிலிண்டர் 568தான், லாபம் ஒரு அம்பது ரூபா, அதுக்குப் போய் இண்டக்‌ஷன் அடுப்பும் அடிதட்டையான பாத்திரமும் வாங்கறது தண்டம். ஏற்கனவே 420 யூனிட் ஓட்டற வீட்டுல இதப் பண்ணினா 540 ஆயிரும், 1301 வர்ற பில்லு 2376 ஆகும், 1075 ரூபா கூட, கேஸே சீப். இப்ப இருக்கற சப் மீட்டர்லயே அக்கா பண்ணியிருந்தா 120 யூனிட்டுக்கு 960 ரூபா, அதுவும் நஷ்டம். அதே அடுப்பு அதே சாம்பார்தான், மீட்டர் மாறினா ஞாயமே மாறிருது.

இனி சோலார். அண்ணன் வீட்டு கதை இதுதான். நெல்லிக்குப்பத்துல சொந்த வீடு, மேல தளம் போட்டிருக்கு, அண்ணன் தம்பி ரெண்டு குடும்பமும் ஒரே அடுப்பு, எட்டு பேரு, அண்ணி டைலரிங் மெஷின் ஓட்டறாங்க, மோட்டார் இருக்கு, போன வருஷம் குழந்தைக்கு வேர்க்குரு தாங்கலன்னு இஎம்ஐல ஒரு ஏசி. ரெண்டு மாசத்துக்கு 600 யூனிட், பில்லு 2880.

பி.எம். சூர்யா கர் திட்டம் 2024 பிப்ரவரில வந்துச்சு, ஒரு கோடி வீட்டுக்கு, 75,021 கோடி ஒதுக்கினாங்க. மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3 கிலோவாட்டும் அதுக்கு மேலயும் 78,000, அவ்ளோதான் உச்சம். அக்கா கேட்ட 78,000 மூணு கிலோவாட் போடறவங்களுக்குத்தான். பேர்லயே ஃப்ரீ கரண்டுன்னு இருக்கறதால ஏஜென்ட்டுங்க தெருத்தெருவா வந்து "எல்லாம் ஃப்ரீ சார்"னு சொல்றாங்க. ஃப்ரீ இல்ல. முழுப் பணமும் நாம முதல்ல கட்டணும், இல்ல லோன் போடணும், அடமானம் இல்லாம பேங்க்ல குறைஞ்ச வட்டிக்கு தர்றாங்க, பேனல் போட்டு நெட் மீட்டர் (பேனல்ல வந்த யூனிட்ட கழிச்சு கணக்கு போடற மீட்டர்) மாட்டி இன்ஸ்பெக்‌ஷன் முடிஞ்சப்புறம்தான் மானியம் நம்ம அக்கவுண்டுக்கு வரும். பேனல் மாட்டற வெண்டர் அக்கவுண்டுக்கு இல்ல. என்கிட்டயே ஒரு வெண்டர் மானியத்த கழிச்சுட்டு மீதிய மட்டும் குடுங்க மத்தத நாங்க பாத்துக்கறோம்னு அட்வான்ஸ் வாங்கிட்டு மூணு மாசம் போன எடுக்கல, பேர் சொல்ல விரும்பல, குடுத்த அட்வான்ஸ திரும்ப வாங்கறதுக்குள்ள செருப்பு தேஞ்சிருச்சு. அதுக்கப்புறம் திட்டத்தோட வெப்சைட்ல பதிவான வெண்டரான்னு பாக்காம நான் யாருக்கும் பேப்பர் போடறதில்ல. பேனல் இந்தியாவுலயே செஞ்ச செல்லா இருக்கணும், இல்லன்னா மானியம் இல்ல, இத கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க.

அண்ணனுக்கு 2 கிலோவாட்டுக்கு 1,40,000 கொட்டேஷன் வந்துச்சு, 60,000 மானியம் போக 80,000. கிலோவாட்டுக்கு ஒரு நாளைக்கு 4 யூனிட்னு குறைச்சே வெச்சுக்குவோம், ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட், மீதி 120க்கு பில்லு 47 ரூபா. வருஷத்துக்கு 17,000 மிச்சம், அஞ்சு வருஷத்துக்குள்ள போட்ட காசு வந்துரும், லோன் போட்டா இன்னும் கொஞ்சம் இழுக்கும். இதே 300 யூனிட் ஓட்டற வீட்டுல 1 கிலோவாட் போட்டா? கொட்டேஷன் 75,000, மானியம் போக 45,000. அவங்க பில்லே 705தான், அது மொத்தமும் மிச்சமானாலும் வருஷத்துக்கு 4230. பத்து வருஷத்துக்கு மேல ஆகும். 200 யூனிட் வீட்டுக்கு கணக்கே போடாதீங்க, வருஷத்துக்கு 1410 மிச்சம் பண்ண 45,000 கடன் வாங்கறதா? ஏழைக்கு சோலார்னு விளம்பரம் வருது, ஆனா நம்ம ஊர் ஸ்லாப்ல குறைச்சலா ஓட்டறவங்களுக்கு கரண்டு ஏற்கனவே அவ்ளோ சீப், அதுல சோலார் மிச்சம் புடிக்க ஒண்ணும் இல்ல.

கடலூர்க்காரங்களுக்கு இன்னும் ரெண்டு விஷயம், இத எந்த ஏஜென்ட்டும் சொல்ல மாட்டான். ஒண்ணு புயல். 2011 டிசம்பர் 30 தானே புயல் நம்ம மேலதான் ஏறிப் போச்சு, 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் பாண்டி பக்கம் கரையேறிச்சு. பேனல் காத்துல பாய்மரம் மாதிரி, வெறும் ஆணி அடிச்ச ஸ்டாண்டு நிக்காது, தளத்துல கான்கிரீட் கட்டை போட்டு அதுல போல்ட்டு பதிக்கணும், கம்பி கால்வனைஸ் பண்ணதா இருக்கணும், தேவனாம்பட்டினம், ஓ.டி. (ஓல்டு டவுன்) பக்கமெல்லாம் உப்புக் காத்துல சாதா இரும்பு ஒரு மழை சீசன்லயே தின்னுரும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைல போடற ஆசைய விட்டுடுங்க. ரெண்டாவது, இந்த மானியத்துல நம்ம ஊர்ல போடற சோலார் பொதுவா பேட்டரி இல்லாம ஈபி லைனோட சேந்தது. கரண்ட் போனா சோலாரும் நின்னுரும், லைன்ல வேலை பாக்கறவருக்கு ஷாக் அடிக்கக் கூடாதுன்னு தானா கட் ஆகற மாதிரி வெச்சிருக்காங்க. தானே அப்ப வாரக்கணக்குல கரண்ட் இல்லாம கிடந்தமே, அப்ப இது மாடில இருந்திருந்தாலும் ஒரு பல்பு எரிஞ்சிருக்காது. அண்ணனுக்கு இதக் கேட்டதும் மொகம் தொங்கிப் போச்சு, அவரு மெயினா நெனச்சதே புயலுக்கு உதவும்னுதான். அரசு பசுமை வீடு திட்டத்துல குடுத்த சோலார் லைட்டு பேட்டரி போனப்புறம் பரண்ல கிடக்கறதப் பாத்து, இது பெருசா இருக்கும் போலன்னு நெனச்சிருக்காரு.

சித்தி கணக்கு வேற நாடு மாதிரி. கடலூர்லேர்ந்து பஸ் ஏறி முள்ளோடை தாண்டினா பாண்டி, பில்லு மாசாமாசம், 100 யூனிட் ஃப்ரீ நம்ம மாதிரி எல்லாருக்கும் கிடையாது, லோடுக்கு ஏத்த ஃபிக்ஸட் சார்ஜ் தனி, நம்ம பக்கம் வீடுகளுக்கு அத 2022லயே எடுத்துட்டாங்க. 2024 ஜூன்ல வந்த ரேட்டு முதல் 100க்கு 2.70, அடுத்த 100க்கு 4 ரூபா, அப்புறம் 6, 300க்கு மேல 7.50. எதிர்ப்பு கிளம்பினதும் கீழ் ஸ்லாபுக்கு கவர்மென்ட்டு கொஞ்சம் மானியம் குடுத்துச்சு. அத விட்டுட்டு அந்த ரேட்ட மட்டும் வெச்சுப் பாத்தா மாசம் 150 யூனிட் ஓட்டற சித்திக்கு 470 ரூபா, ரெண்டு மாசத்துக்கு 940. அதே 300 யூனிட்டுக்கு கடலூர்ல 705. ஆனா அண்ணன் மாதிரி ரெண்டு மாசத்துக்கு 600 ஓட்டினா பாண்டில 2540, இங்க 2880. பாண்டின்னா எல்லாமே சீப்புன்னு ஒரு நெனப்பு இருக்கு பாருங்க, அது பாட்டிலுக்குத்தான் சரி. குறைச்சலா ஓட்டறவங்களுக்கு நம்ம பக்கம் லாபம், நிறைய ஓட்டறவங்களுக்கு அந்தப் பக்கம்.

ஆனா கேஸ்ல பாண்டி ஜெயிச்சிருது. 2023லேர்ந்து பாண்டி அரசே சிவப்பு (வறுமைக்கோட்டுக்கு கீழ இருக்கறவங்க) ரேஷன் அட்டைக்கு சிலிண்டருக்கு 300, மஞ்சள் அட்டைக்கு 150 ரூபா பேங்க்ல போடுது. சித்திக்கு சிவப்பு அட்டை. உஜ்வாலா மாதிரி வீட்டுல ஏற்கனவே இணைப்பு இருக்கான்னு பாத்து தள்ளறது இல்ல, அட்டை கலர்தான் பேசும். சித்தி பாஸ்புக்க எடுத்துகிட்டு வரச் சொல்லி என்ட்ரி போட்டுப் பாத்தா ரெண்டு சிலிண்டருக்கு வந்திருக்கு, மத்ததுக்கு வரல, பேர்ல ஒரு எழுத்து அட்டைல ஒரு மாதிரி கேஸ் புக்ல ஒரு மாதிரி. "என்னடா இது, நானே நான் இல்லியா"ன்னாங்க. அத சரி பண்ண மனு எழுதிக் குடுத்திருக்கேன். சோலார் சித்திக்கு வேணாம், ஓடறதே மாசம் 150, போட்டா ஒன்பது பத்து வருஷம் ஆகும் காசு வர. அதுக்கு பதிலா தாத்தா காலத்து மூணு ஃபேன்ல ரெண்ட மாத்தச் சொன்னேன். பழசு 75 வாட்டு இழுக்குது, கரண்ட கம்மியா இழுக்கற புது பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டுக்குள்ள, 12 மணி நேரம் சுத்தற ஃபேன் ஒண்ணுக்கு மாசம் 16 யூனிட் குறையும். இதுக்கு மானியம் எதுவும் இல்ல, நம்ம காசுதான், ஆடித் தள்ளுபடில பாத்துக்கலாம்னு சித்தி சொல்லிட்டாங்க.

இப்ப நிலவரம் இதான். அக்கா வீட்டுக்காரர் புது இணைப்புக்கு கையெழுத்து போட்டுட்டாரு, எஸ்டிமேட் வரணும், இண்டக்‌ஷன் அடுப்ப மீட்டர் மாட்டினப்புறம்தான் வாங்கணும்னு கண்டிஷனா சொல்லியிருக்கேன். அண்ணன் லோன் பேப்பர் குடுத்தாச்சு, ஆனா மழைக்கு முன்னாடி கான்கிரீட் கட்டை போட்டு நான் போய் பாத்தப்புறம்தான் வெண்டருக்கு மீதி பணம். ஈபி வெள்ளை கார்டு, வரி ரசீது, ஆதார், பாஸ்புக் நாலையும் ஒரு கவர்ல போட்டு வெச்சிருக்காரு, அண்ணி அத தையல் மெஷின் டிராயர்ல பூட்டிட்டாங்க, சாவி எங்கன்னு ரெண்டு பேரும் இப்ப தேடிட்டிருக்காங்க.